டீசல் டேங்கில் சமையல் எண்ணெய்... வண்டி ஓடும், கணக்கு ஓடுமா?

சங்ககிரி லாரிகள், நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகள், கேஸ் டேங்கர் லாரிகள், திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டிகள்... சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பிழைப்பில் பெரும்பகுதி டீசலை நம்பித்தான் இருக்கிறது. டீசல் விலை ஏறினால் மற்ற ஊர்களில் அது செய்தி. இங்கே அது அன்றைக்கே குடும்பக் கணக்கில் விழும் செலவு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பாரம் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிறது, மாதம் 8,000 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 2,000 லிட்டர் டீசல். லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் மாதம் 2,000 ரூபாய் கூடுதல் செலவு. 5 ரூபாய் ஏறினால் 10,000 ரூபாய். வாடகை அதே வேகத்தில் ஏறாது. தவணையும் டோல்கேட்டும் காத்திருக்காது.

2021 நவம்பர் தொடக்கத்தில் சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 102 ரூபாயைத் தாண்டியது. அதன் பிறகு கலால் வரி குறைப்பால் விலை இறங்கினாலும், 90 ரூபாய்க்குக் கீழே வரவில்லை. விலை ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. 'டீசலுக்குப் பதில் சமையல் எண்ணெயை ஊற்றி ஓட்டினால் என்ன?' செல்போனில் சுற்றும் வீடியோக்களில் ஒருவர் கேனைக் கவிழ்க்கிறார், சாவியைத் திருப்புகிறார், வண்டி ஓடுகிறது. வீடியோ அதோடு முடிந்துவிடுகிறது.

மூலிகை பெட்ரோல் பரபரப்பைப் பார்த்த தமிழ்நாட்டு மக்களுக்கு இதுவும் அதைப் போன்ற கதையோ என்று சந்தேகம் வருவது இயல்பு. ஆனால், இது கட்டுக்கதை அல்ல. தாவர எண்ணெயில் டீசல் இன்ஜின் ஓடும். 120 ஆண்டுகளுக்கு முன்பே ஓடியிருக்கிறது. எந்த இன்ஜினில் ஓடும், எவ்வளவு நாள் ஓடும், அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது... இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் டேங்க் மூடியைத் திறப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

1900-ம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஊற்றப்பட்டிருந்தது கடலை எண்ணெய். தன் ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை தாராளமாக விளைந்ததால், அங்கேயே கிடைக்கும் எரிபொருளில் இன்ஜின் ஓடுமா என்று பார்க்க பிரெஞ்சு அரசு விரும்பியது. ஓட்டிக்காட்டியது ஓட்டோ நிறுவனம். இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே பின்னாளில் இந்தச் சோதனையைப் பற்றிப் பேசியிருக்கிறார். தாவர எண்ணெய்க்கு ஒரு காலம் வரும் என்று 1912-ல் அவர் நம்பிக்கை தெரிவித்தார். அவர் செய்த சோதனையின் நினைவாகத்தான் ஆகஸ்ட் 10-ம் தேதி உலக உயிரி எரிபொருள் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இது எப்படிச் சாத்தியம்? பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் ப்ளக் தீப்பொறி தந்தால்தான் எரிபொருள் பற்றும். டீசல் இன்ஜினில் ப்ளக் கிடையாது. காற்றை மிகவும் அழுத்தும்போது அது கொதிக்கும் அளவுக்குச் சூடாகிறது. அந்தச் சூட்டில் எரிபொருளைத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்கிறது. எளிதில் ஆவியாகாத எண்ணெயும் அந்தச் சூட்டில் எரிந்துவிடும்.

எனவே, முதல் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். பெட்ரோல் காருக்கும் பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் சமையல் எண்ணெய் எந்த அளவிலும் ஆகாது. இந்தப் பேச்சு முழுவதும் டீசல் வண்டிகளைப் பற்றியது மட்டுமே.

வண்டி எங்கே திணறுகிறது?

பிரச்னை எண்ணெயின் கெட்டித்தன்மையில் இருக்கிறது. 40 டிகிரி சூட்டில் டீசலின் பாகுத்தன்மை சுமார் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக். கடலை, சூரியகாந்தி, பாமாயில் போன்ற எண்ணெய்களுக்கு அது 30 முதல் 40 வரை. அதாவது, ஏறக்குறைய 10 மடங்கு கெட்டி. சேலம் மாவட்டத்தில் நன்கு விளையும் ஆமணக்கைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. ஏத்தாப்பூரில் ஆமணக்கையும் ஆராயும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால், விளக்கெண்ணெய் டீசலைவிட 50 மடங்குக்கும் மேல் கெட்டியானது. உராய்வைக் குறைக்கும் மசகு எண்ணெயாகவும் சோப்பு, பெயின்ட் போன்ற தொழில்களிலும் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. எரிபொருளாக அது கடைசி வரிசையில்தான் நிற்கும்.

கெட்டியான எண்ணெய் இன்ஜெக்டரில் பனித்துளிபோலத் தூவப்படாமல், பெரிய துளிகளாக விழுகிறது. பெரிய துளி முழுதாக எரியாது. எரியாத மிச்சம் இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படியும். பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் எண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலந்து, அதைக் கூழாக்கிவிடும். இவையெல்லாம் முதல் நாளில் தெரியாது. புகை கூடும், இழுவை குறையும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். கடைசியில் இன்ஜினைப் பிரிக்க வேண்டிய நிலை வரும். வீடியோவில் காட்டப்படாத பகுதி இதுதான்.

'எங்க மாமாவோட பழைய அம்பாசடர் ஓடிச்சே' என்பவர்கள் பொய் சொல்லவில்லை. பழைய அம்பாசடர் டீசல், மெட்டடார் வேன் போன்றவற்றில் எரிபொருள் முதலில் ஒரு சிறிய முன்னறையில் தூவப்பட்டு, அங்கே பற்றிக்கொண்டு பிறகு சிலிண்டருக்குள் பரவும். அழுத்தம் குறைவு, துளை பெரிது. எண்ணெய் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அந்த இன்ஜின்கள் பொறுத்துக்கொள்ளும்.

இன்றைய காமன் ரெயில் இன்ஜின்கள் அப்படியல்ல. 1,600 பார் அழுத்தத்திலும் அதற்கு மேலும் அவை வேலை செய்கின்றன. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல இது சுமார் 700 மடங்கு. இன்ஜெக்டர் துளையோ தலைமுடியின் தடிமனைவிடச் சற்றே பெரியது. 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ் 6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப் வடிகட்டியும் சேர்ந்துவிட்டது. சரியாக எரியாத எண்ணெய் முதலில் அடைப்பது அதைத்தான். இன்ஜெக்டர்கள், ஹை பிரஷர் பம்ப், டி.பி.எஃப் என்று வரிசையாக மாற்ற நேர்ந்தால், எண்ணெயில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரே பில்லில் போய்விடும். தவறான எரிபொருளால் வந்த பழுது என்று தெரிந்தால் வாரன்டியும் கிடைக்காது.

வெளிநாடுகளில் சிலர் இரண்டு டேங்க் வைத்து ஓட்டுகிறார்கள். டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் ரேடியேட்டர் வெந்நீரால் எண்ணெயைச் சூடாக்கி இளக்கி, பிறகு எண்ணெய் டேங்குக்கு மாற்றுவார்கள். நிறுத்தும் முன்பு மறுபடியும் டீசலுக்கு மாற்றி, குழாயில் தங்கிய எண்ணெயை எரித்து முடிக்க வேண்டும். பழைய இன்ஜின், பொறுமையான ஓட்டுநர், ஓயாத பராமரிப்பு... மூன்றும் இருந்தால்தான் இது நடக்கும்.

2002-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இந்த எண்ணெய் மோகம் உச்சத்தில் இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் சமையல் எண்ணெய் விற்பனை திடீரென்று எகிறியது. எரிபொருள் வரி கட்டாமல் எண்ணெயில் ஓட்டியவர்களை போலீஸார் வளைத்துப் பிடித்தார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தது, சைலன்சரிலிருந்து வந்த பொரித்த உருளைக்கிழங்கு வாசனை!

எண்ணெயை இளக்கும் வேதியியல்

எண்ணெய்க்கு ஏற்றபடி இன்ஜினை மாற்றுவதைவிட, இன்ஜினுக்கு ஏற்றபடி எண்ணெயை மாற்றுவது எளிது. அப்படி மாற்றப்பட்டதுதான் பயோடீசல். 1937-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த சவான் என்ற விஞ்ஞானி இதற்குக் காப்புரிமை பெற்றார்.

செய்முறை கேட்பதற்கு எளிது. 100 கிலோ எண்ணெயுடன் சுமார் 11 கிலோ மெத்தனால் வினைபுரிய வேண்டும். வினையைத் தூண்ட காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷ் சேர்க்கப்படுகிறது. சூடாக்கிக் கலக்கினால் எண்ணெய் பிரிந்து, மேலே சுமார் 100 கிலோ பயோடீசலும் கீழே 10 கிலோவுக்கு மேல் கிளிசரினும் தங்கும். மேலே இருப்பதைக் கழுவி, ஈரம் நீக்கி எடுத்தால், கிட்டத்தட்ட டீசல் அளவுக்கே இளக்கமான எரிபொருள் கிடைக்கும். கிளிசரின் சோப்புத் தொழிலுக்குப் போகும்.

'அப்படியானால் வீட்டிலேயே செய்துவிடலாமே' என்று தோன்றும். இங்கேதான் நிதானம் தேவை. மெத்தனால் கடும் விஷம். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். பாதிக்கப்பட்டவர்கள் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட நாள்களை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. குடித்தால் மட்டுமல்ல, தொடர்ந்து ஆவியைச் சுவாசித்தாலும் தோலில் பட்டாலும் அது உடலுக்குள் போகும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத சுடருடன் எரியும். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் இருப்பு வைக்கவும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். கொல்லைப்புறத்தில் டிரம் வைத்துக் காய்ச்சும் வேலை அல்ல இது.

கழுவுவதில் குறை வைத்தால் மிச்ச மெத்தனாலும் காஸ்டிக்கும் எரிபொருளிலேயே தங்கி, ரப்பர் குழாய்களையும் பம்பையும் அரிக்கும். அதனால்தான் பயோடீசலுக்கு ஐ.எஸ் 15607 என்ற தரக்கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்தத் தரத்தில் தயாரானால், சாதாரண டீசலில் 7 சதவிகிதம் வரை கலக்க இந்திய டீசல் தரவிதிகளே அனுமதிக்கின்றன.

ஒரு ஏக்கர் கடலை, ஒரு சென்னை லோடு

தொழில்நுட்பம் இருக்கட்டும். விலைக்கு வருவோம்.

இன்று மளிகைக் கடைக்குப் போனால் டீசலைவிட மலிவான சமையல் எண்ணெய் கிடைக்காது. மலிவான பாமாயிலே டீசல் விலையைத் தாண்டி நிற்கிறது. செக்குக் கடலை எண்ணெய் டீசலைப்போல இரு மடங்குக்கும் மேல். போதாக்குறைக்கு, ஒரு லிட்டர் எண்ணெயில் இருக்கும் எரிசக்தி டீசலைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் மைலேஜும் 8 முதல் 10 சதவிகிதம் வரை குறையும்.

சந்தை விலையைத் தள்ளிவைத்துவிட்டு, நிலத்திலிருந்தே கணக்கிட்டுப் பார்ப்போம். மானாவாரியில் ஒரு ஏக்கருக்கு 750 கிலோ நிலக்கடலைக் காய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். தோல் நீக்கினால் சுமார் 525 கிலோ பருப்பு. செக்கில் ஆட்டினால் ஏறக்குறைய 240 லிட்டர் எண்ணெய். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் போகும் லாரியில், மைலேஜ் குறைவையும் கழித்துப் பார்த்தால் 870 கிலோமீட்டர் ஓடலாம். நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு ஒரு லோடு கொண்டுபோய்த் திரும்பினாலே 750 கிலோமீட்டர் முடிந்துவிடும். உழுது, விதைத்து, களையெடுத்து, மழையை எதிர்பார்த்து நாலு மாதம் காத்திருந்த ஒரு ஏக்கர் வெள்ளாமை, ஒரே ஒரு சென்னை லோடில் தீர்ந்துபோகிறது. மிச்சம் இருப்பது மாட்டுக்கான புண்ணாக்கு மட்டும்தான்.

அடுத்த யோசனை ரேஷன் பாமாயில். 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பார்த்து யாருக்காவது ஆசை வரலாம். சந்தை விலைக்கு வாங்கி, நஷ்டத்தை அரசு ஏற்றுக்கொண்டு ஏழை வீட்டுத் தாளிப்புக்குக் கொடுக்கும் எண்ணெய் அது. அதைத் திசைதிருப்புவது அத்தியாவசியப் பொருள்கள் சட்டப்படி குற்றம்.

இன்னொரு கோணமும் உண்டு. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவிகிதத்துக்கும் மேல் இந்தியா இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் இறக்குமதிதான். டீசலுக்குப் பதில் பாமாயில் ஊற்றுவது என்பது ஒரு இறக்குமதியை விட்டு இன்னொரு இறக்குமதிக்குத் தாவுவதுதான்.

அந்தத் தாவலின் விலையை நம் சமையலறைகள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டன. 2022-ல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 28-ம் தேதி பாமாயில் ஏற்றுமதியை இந்தோனேசியா நிறுத்தி, மே 23-ல்தான் மறுபடி திறந்தது. நாமக்கல் வீட்டில் பூரி போடுவதற்குத் தயங்கிய நாள்கள் அவை. பாமாயிலிலிருந்து பயோடீசல் தயாரித்து, 2023-ல் 35 சதவிகிதமும் 2025-ல் 40 சதவிகிதமும் டீசலில் கலக்கும் நாடும் இந்தோனேசியாதான். அங்கே லாரிகள் குடிக்கும் பாமாயில் கூடக்கூட, இங்கே நம் வாணலிக்கு வரும் பாமாயிலின் விலையும் கூடும்.

காட்டாமணக்கு கற்றுத்தந்த பாடம்

'சாப்பிடும் எண்ணெய் வேண்டாம், சாப்பிட முடியாத எண்ணெயை எடுப்போம்' என்பது நியாயமான யோசனை. 20 ஆண்டுகளுக்கு முன் நாடே அதைத்தான் முயன்றது. 2003-ல் மத்திய திட்டக்குழுவின் குழு, காட்டாமணக்கை மையமாக வைத்து உயிரி டீசல் திட்டத்தைப் பரிந்துரைத்தது. தரிசு நிலத்தில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, விதையிலிருந்து டீசல் வரும் என்று சொல்லப்பட்டது. 2006 ஜனவரி முதல் லிட்டர் 25 ரூபாய்க்கு எண்ணெய் நிறுவனங்கள் கொள்முதல் செய்யும் என்ற கொள்கையும் வந்தது.

கார்கள்கூட ஓடின. குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்த காட்டாமணக்கு பயோடீசலில், 2004-ல் மெர்சிடிஸ் கார்கள் இந்தியச் சாலைகளில் 5,900 கிலோமீட்டர் சோதனை ஓட்டம் சென்றன. 2018-ல் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருளைக் கலந்து டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு ஸ்பைஸ்ஜெட் விமானமே பறந்தது.

எண்ணெய் எரிந்தது. ஆனால், செடி காய்க்கவில்லை. வேலியோரத்தில் தண்ணீர் இல்லாமல் உயிர் பிழைப்பது வேறு, விலைக்கு விற்கும் அளவுக்குக் காய்ப்பது வேறு. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்கு பயிரிட்டவர்களைப் பற்றி 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, தண்ணீர் வசதி உள்ளவர்களுக்கே ஓரளவாவது வாய்ப்பு, சிறு விவசாயிகளுக்குக் கட்டுப்படி ஆகவில்லை என்று முடிவுசெய்தது. கடலையும் சோளமும் போட்டிருந்த நிலத்தை மாற்றியவர்கள் மறுபடி பழைய பயிருக்கே திரும்பினார்கள்.

புங்கனும் இலுப்பையும் வேறு கதை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீனிவாசா, கிராமங்களில் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டி, தண்ணீர் இறைத்துக் காட்டினார். ஒரே இடத்தில் நின்று, ஒரே வேகத்தில் ஓடும் ஜெனரேட்டர் இன்ஜினுக்கு இது சரிவரும். ஏற்கெனவே நிற்கும் மரத்தின் விதையைப் பொறுக்கி, அந்த ஊரிலேயே ஆட்டி, அங்கேயே எரித்தால் கட்டுப்படி ஆகும். அந்தக் கணக்கை நெடுஞ்சாலை லாரிக்கு நீட்டினால் பொறுக்குவதற்கு ஆளும் போதாது, மரமும் போதாது.

நாமக்கல்லில் தொடங்கிய கோழி டீசல்

இந்தத் தேடலில் நாமக்கல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஜான் ஆபிரகாம் எடுத்துக்கொண்ட பொருள், கோழி இறைச்சிக் கழிவிலிருந்து உருக்கி எடுக்கும் கொழுப்பு. அந்தக் கொழுப்பை பயோடீசலாக மாற்றும் முறையை அவர் இங்கே உருவாக்கினார். பிறகு கேரளாவின் வயநாட்டில் உள்ள பூக்கோடு கால்நடைக் கல்லூரியில் பணியாற்றியபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் நிதியில் 2014-ல் ஒரு சிறிய ஆலையையும் நிறுவினார். 2015-ல் பாரத் பெட்ரோலியத்தின் கொச்சி சுத்திகரிப்பு ஆலை அந்த எரிபொருளுக்குத் தரச்சான்று கொடுத்தது. கல்லூரி வாகனம் ஒன்று அதில் ஓடியது. ஏழரை ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு 2021 ஜூலையில் காப்புரிமையும் கிடைத்தது.

இந்த முயற்சி காட்டாமணக்கு போல நிலத்தைக் கேட்கவில்லை. கடலை போலத் தட்டிலிருந்தும் எடுக்கவில்லை. குழிதோண்டிப் புதைக்க வேண்டிய கழிவிலிருந்து தொடங்கியது. எண்ணெய் எரிபொருளுக்கு எதிர்காலம் இருக்கிறது என்றால், அது இந்த வழியில்தான் இருக்கிறது.

உண்மையான புதையல் வடைச் சட்டியில்

கழிவாகப் போகும் எண்ணெய் ஒவ்வோர் ஊரிலும் கிடைக்கிறது. பஜ்ஜிக் கடை, வறுத்த கோழிக் கடை, சிப்ஸ் கடை, பரோட்டாக் கடை, கல்யாண மண்டபம்... எல்லா இடத்திலும் சட்டியின் அடியில் கறுத்துக் கிடக்கும் பழைய எண்ணெய்தான் அது.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் 'மொத்தத் துருவச் சேர்மங்கள்' என்ற கழிவுகள் சேர்கின்றன. இந்த அளவு 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கையில் பிடிக்கும் கருவியைச் சட்டியில் முக்கினால் சில நொடிகளில் அளவு தெரிந்துவிடும். இந்த எண்ணெய் ரத்த அழுத்தம், ரத்தக்குழாய் அடைப்பு, கல்லீரல் பாதிப்பு போன்றவற்றுடன் தொடர்புடையது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது.

சிக்கல் என்னவென்றால், பெரிய கடையில் கறுத்த எண்ணெய் பெரும்பாலும் குப்பைக்குப் போவதில்லை. குறைந்த விலைக்குச் சின்னக் கடைக்குக் கைமாறுகிறது. அங்கே புது எண்ணெயோடு கலந்து மறுபடியும் நம் தட்டுக்கே வருகிறது.

இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் 2018 ஆகஸ்ட் 10-ம் தேதி 'ரூக்கோ' என்ற திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ தொடங்கியது. பயன்படுத்திய எண்ணெயைப் பதிவுபெற்ற நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கி, பயோடீசல் ஆலைக்கு அனுப்ப வேண்டும். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் அதற்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். 2019-ல் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், பயன்படுத்திய எண்ணெயில் தயாரான பயோடீசலை முதல் ஆண்டு லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்குவதாக 100 நகரங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டன.

மேலே பார்த்த கணக்குகளில் எல்லாம் தோற்ற எண்ணெய், இந்த ஒரு இடத்தில் மட்டும் ஜெயிக்கிறது. விளைநிலம் தேவையில்லை. புதிதாக இறக்குமதி இல்லை. கடைக்காரருக்குக் கொஞ்சம் காசு. சாப்பிடுபவருக்கு உடல்நலம். சாக்கடையில் ஊற்றி அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை.

ஆனால், நாட்டின் மொத்த டீசலுக்கு முன்னால் இது கையளவுதான். 2030-க்குள் டீசலில் 5 சதவிகிதம் பயோடீசல் கலப்பது 2018-ம் ஆண்டு தேசியக் கொள்கையின் இலக்கு. ஆண்டுகள் ஓடியும் கலப்பு ஒரு சதவிகிதத்தைக்கூட எட்டாமல் நின்றதற்கு முக்கியக் காரணம், கட்டுப்படியாகும் விலையில் போதுமான எண்ணெய் கிடைக்காததுதான். இப்போது அந்தக் கையளவு எண்ணெய்க்கும் விமானம் போட்டிக்கு வந்துவிட்டது. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிப்பதற்கான சர்வதேசச் சான்றை, 2025 ஆகஸ்டில் இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை பெற்றது. 2027 முதல் சர்வதேச விமானங்களுக்கு 1 சதவிகிதம் இத்தகைய எரிபொருள் கலக்க வேண்டும் என்பது அரசின் இலக்கு.

'பயோடீசல்' போர்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

விலை ஏற்றம் இன்னொரு வியாபாரத்தையும் வளர்த்திருக்கிறது. பயோடீசல் என்ற பெயரில், கரைப்பான்களும் தொழிற்சாலை எண்ணெய்களும் கலந்த திரவம் நெடுஞ்சாலையோரங்களிலும் குடோன்களிலும் லாரிகளுக்கு விற்கப்படுகிறது. அதிகாரிகள் அவ்வப்போது பறிமுதல் செய்கிறார்கள். இதில் தாவர எண்ணெயே இருக்காது என்பதுதான் வேடிக்கை.

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, டீசலில் கலப்பதற்கான பயோடீசலைச் சில்லறையாக விற்பவர் மாநில அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். விற்கும் பொருள் ஐ.எஸ் 15607 தரத்தில் இருக்க வேண்டும். எனவே, வண்டி வைத்திருப்பவர்கள் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

* பெட்ரோல் வண்டியில் எந்த எண்ணெயும் வேண்டாம். பி.எஸ் 4, பி.எஸ் 6 டீசல் வண்டிகளில் சமையல் எண்ணெயைக் கொஞ்சமாகக் கலந்துகூடப் பரிசோதிக்க வேண்டாம்.

* வண்டியின் கையேட்டில் எத்தனை சதவிகிதம் பயோடீசல் வரை அனுமதி என்று பாருங்கள். பல வண்டிகளுக்கு அது 7 சதவிகிதம்தான்.

* பயோடீசல் வாங்கினால் விற்பவரின் பதிவுச் சான்று, தரப் பரிசோதனை அறிக்கை, பில் மூன்றையும் கேளுங்கள். பில் தர மறுத்தால் அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிடுங்கள்.

* டீசலைவிட மிக மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். நல்ல பயோடீசலைத் தயாரிக்கும் செலவே குறைவல்ல.

* பயோடீசலுக்குப் பழைய டேங்கின் படிவுகளைக் கரைக்கும் குணம் உண்டு. முதல் சில தடவை எரிபொருள் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பொரித்த எண்ணெயை ஆறவைத்து, வடிகட்டி, ஒரு முறை தாளிப்புக்கோ குழம்புக்கோ பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். நுரைத்து, கறுத்து, பிசுபிசுப்பாகிவிட்டால் சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் சேர்த்துவையுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பாகவோ தெருவாகவோ சேர்ந்து கேன் கணக்கில் சேர்ந்தால், சேகரிக்கும் நிறுவனம் வந்து எடுக்கும். உங்கள் பகுதிக்கு வரும் பதிவுபெற்ற நிறுவனம் எது என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஏற்காடு போகும் வழியிலோ கொல்லிமலை போகும் வழியிலோ பஜ்ஜி சாப்பிட நிற்கும்போது, சட்டியில் இருக்கும் எண்ணெயின் நிறத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அது அடுத்து எங்கே போகும் என்று கடைக்காரரிடம் கேட்பதிலும் தவறில்லை.